மூன்று சுவர் வீடு

ஊதி அணைத்த மெழுகுவர்த்தியின் திரியிலிருந்து எழும் கரிந்த புகை வாசம் எங்கே வந்தாலும், குவைத்தின் அப்பாசியாவில் நாங்கள் குடியிருந்த அந்த அறையின் கடைசிக் குளிர்காலம் என் முன்னால் வந்து உட்கார்ந்துகொள்கிறது. பாலைவனத்தில் ஏது குளிர் என்று ஊரில் கேட்பார்கள். டிசம்பர் பிறந்துவிட்டால் டைல்ஸ் தரையில் வெறுங்காலை வைக்க முடியாது, குழாய்த் தண்ணீர் விரலைக் கடிக்கும், ஜன்னல் இடுக்கில் செய்தித்தாளை மடித்துச் சொருகினாலும் காற்று எப்படியோ உள்ளே வந்துவிடும். ஃபிளாட்டில் ஒரு அறை எங்களுக்கு, மற்றொன்று ஒரு மலையாளக் குடும்பத்துக்கு, சமையலறையும் குளியலறையும் இரண்டு குடும்பத்துக்கும் பொது. இதற்குப் பெயர் 'ஷேரிங்'. எங்கள் அறையில் தரையோடு ஒரு மெத்தை, மூலையில் அடுக்கிய பெட்டிகள், தலைக்கு மேலே கண்ணைக் கூசவைக்கும் ஒரு டியூப்லைட், அவ்வளவுதான்.

அத்தா ஒரு பெரிய ஃபர்னிச்சர் ஷோரூமில் ஃபிட்டர். இளையான்குடிப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அப்பாவை நாங்கள் அத்தா என்றுதான் கூப்பிடுவோம். பெட்டியில் வரும் கட்டில், மேசை, அலமாரி எல்லாவற்றையும் பூட்டி நிறுத்துவது அவருடைய வேலை. ஆனால் நவம்பர் வந்ததும் அவரிடம் வேறொரு வேலையைக் கொடுப்பார்கள். ஷோரூமின் நடுவில் 'டென்மார்க் செட்டப்' போட வேண்டும். வெளிர் நிற மரத்தில் தாழ்வான நாற்காலிகள், மேலே போட்ட வெள்ளைக் கம்பளிப் போர்வை, தரையில் ஆட்டுத்தோல் விரிப்பு, மேசையில் மெழுகுவர்த்தி வரிசை, மூலைக்கு மூலை மஞ்சள் விளக்கு. அந்த நாட்டில் பாதி வருஷம் இருட்டும் பனியுமாக இருக்குமாம், அதனால் வீட்டுக்குள்ளேயே கதகதப்பை உண்டாக்கிக்கொண்டு, யாரும் யாரையும் அவசரப்படுத்தாமல் உட்கார்ந்திருப்பார்களாம். அதற்கென்று அவர்களிடம் ஒரு சொல்லே இருக்கிறதாம்; அத்தாவின் வாயில் அது கடைசிவரை நுழையவில்லை. அலமாரியில் இருந்த புத்தகங்கள் வெறும் அட்டை, ஜன்னலுக்கு வெளியே பெய்த பனி அச்சடித்த படம். அந்த வீட்டுக்குச் சுவர்கள் மூன்றே மூன்று. நான்காவது பக்கத்தில் வாடிக்கையாளர் நின்று பார்ப்பார்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் அம்மாவும் நானும் பஸ் பிடித்து அங்கே போய்விடுவோம். வளைகுடாவில் ஷேரிங்கில் இருப்பவர்களுக்கு ஃபர்னிச்சர் கடைதான் பூங்கா. எங்களைப் போல எத்தனையோ குடும்பங்கள் வாங்காத சோபாவில் உட்கார்ந்து கதை பேசிக்கொண்டிருப்பார்கள். நாங்கள் அத்தாவின் டென்மார்க் வீட்டுக்குள் போய் உட்காருவோம். தூரத்திலிருந்து அத்தா புருவத்தை உயர்த்தினால் வாங்குகிற முகம் ஒன்று வருகிறது என்று அர்த்தம். உடனே எழுந்து நாங்களும் வாங்க வந்தவர்கள் மாதிரி விலைச்சீட்டைத் திருப்பிப் பார்ப்போம். எழும்போது, தான் உட்கார்ந்த பள்ளம் தெரியாமல் இருக்க அம்மா குஷனைத் தட்டி நேராக்கிவிட்டுத்தான் நகருவார். அதைப் பார்க்கும்போது அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரும். இன்றைக்கு வருவது சிரிப்பு இல்லை.

விளக்கு விஷயத்தில் மட்டும் அத்தா யார் பேச்சையும் கேட்கமாட்டார். "தலைக்கு மேல வெளிச்சம் இருந்தா அது ஆபீஸு. தோளுக்குக் கீழ இறங்குனாத்தான் அது வீடு" என்பார். அப்படிச் சொன்ன மனிதர்தான் டூட்டி முடிந்து வந்து டியூப்லைட்டுக்கு அடியில் தட்டை வைத்துச் சாப்பிடுவார்.

எனக்குப் பத்து வயதான அந்தக் குளிர்காலத்தில் என்ன ஆனதோ, அத்தா ஒவ்வொன்றாகப் பொருள்களை வீட்டுக்குத் தூக்கிவர ஆரம்பித்தார். எல்லாம் கப்பலில் வரும்போது அடிபட்டு, கம்பெனி வேண்டாம் என்று ஒதுக்கியவை. கை விரிசல்விட்ட நாற்காலி, தொப்பி நசுங்கிய நிற்கும் விளக்கு, நூல் பிரிந்த வெள்ளைக் கம்பளி, வளைந்துபோன மெழுகுவர்த்திகள். விரிசலைப் பசை வைத்து ஒட்டினார், நசுங்கிய பக்கத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பினார், பெட்டிகளின் மேல் துணி விரித்து அதை மேசையாக்கினார். அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "ரெண்டு மாசக் குளிருக்கு இம்புட்டு அலங்காரமா? யாரு பொண்ணு பாக்க வர்றாக?" என்று கேட்டார். அத்தா நிமிராமலே, "இருக்குற வரைக்கும் நல்லா இருப்போமே" என்றார். யாரும் எப்போதும் சொல்கிற பேச்சுதானே என்று அதை நாங்கள் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

பொழுது சாய்ந்து மஃரிப் தொழுகை முடிந்ததும் டியூப்லைட்டை அணைத்துவிடுவோம். மஞ்சள் விளக்கு தோளுக்குக் கீழே எரியும், நான் மெழுகுவர்த்தி ஏற்றுவேன், அம்மா புதினா போட்டு, பால் கலக்காத சுலைமானி டீ கொண்டுவருவார், ஒரே கம்பளிக்குள் மூன்று பேரும் காலை நீட்டி உட்காருவோம். அத்தா ஆரஞ்சு உரித்து, தோலை ஹீட்டருக்குப் பக்கத்தில் வைப்பார். அறை முழுக்க அந்த வாசம் சுற்றிக்கொண்டிருக்கும். பக்கத்து அறை சேச்சி ஒருநாள் எட்டிப் பார்த்து, "இது நம்மட ஃபிளாட் தானோ!" என்று வாயைப் பிளந்தாள். அம்மா அவ்வளவு சத்தமாகச் சிரித்து அதற்கு முன்னாலும் பின்னாலும் நான் கேட்டதில்லை. புருவத்தை உயர்த்தி யாரும் எங்களை எழுப்பாத வீடு அது. எனக்கு அதில் பைத்தியமே பிடித்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் கடைசி மணி அடிக்கிறவரை அந்த விளக்கை நினைத்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன்.

குளிர் குறையத் தொடங்கிய ஒரு மாலை நான் வந்தபோது டியூப்லைட் எரிந்துகொண்டிருந்தது. அத்தாவும் அம்மாவும் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தார்கள். குடும்ப விசாவுக்கு வேண்டிய சம்பள வரம்பை அரசாங்கம் ஏற்றிவிட்டது. அத்தாவின் சம்பளம் அதற்குக் கீழே. எங்கள் விசா முடிந்தால் மறுபடி புதுப்பிக்க முடியாது, அம்மாவும் நானும் ஊருக்குப் போய்விட வேண்டும், அத்தா மட்டும் இங்கே.

"கஃபீல்கிட்ட கேட்டுப் பாத்தீங்களா?" என்றார் அம்மா. கஃபீல் என்றால் அத்தாவுக்கு விசா கொடுத்த அரபி முதலாளி.

"கேட்டேன். சம்பளம் ஏத்த வழியே இல்ல, மாஃபி, கலாஸ்னுட்டாரு."

"எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"குளிருக்கு முன்னாடியே."

"தெரிஞ்சுக்கிட்டேவா இதையெல்லாம் கொண்டாந்து அடுக்குனீங்க?"

அத்தா நாற்காலியில் ஒட்டிய விரிசலைத் தடவிப் பார்த்தார். பிறகு, "வேற என்ன செய்யத் தெரியும் எனக்கு" என்றார்.

அந்தப் பதிலை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. அப்படி ஒரு வீட்டைக் காட்டாமலே அனுப்பியிருந்தால், ஒரு மெத்தையையும் ஒரு டியூப்லைட்டையும் விட்டுவிட்டுத்தானே போயிருப்போம். பரீட்சை முடிந்தது, பெட்டி கட்டினோம். விளக்கைக் கொண்டுபோகலாம் என்று அழுதேன். "ஊருல குளிரா அடிக்குது?" என்று கேட்டுவிட்டு அத்தா என் தலையைத் தடவினார். நாற்காலியும் விளக்கும் கம்பளியும், வைத்தது வைத்தபடி, அந்த அறைக்குக் குடிவந்த வேறொரு குடும்பத்துக்குப் போயின.

ஊருக்கு வந்த பிறகு குளிர்காலம்தோறும் அம்மாவின் போனுக்குப் படங்கள் வரும். வெளிர் மர நாற்காலி, தோளுக்குக் கீழே மஞ்சள் விளக்கு, வெள்ளைக் கம்பளி, நடுவில் சிரித்தபடி அத்தா. "ஃபர்வானியால நல்ல ரூம் கெடச்சிருக்கு அவுகளுக்கு" என்று அம்மா பக்கத்து வீட்டாரிடம் காட்டுவார். எனக்குள் ஒரு பொறாமைகூட இருந்தது, எங்களை அனுப்பிவிட்டு இவர் மட்டும் அந்த வெளிச்சத்தில் உட்கார்ந்திருக்கிறாரே என்று. பிளஸ் டூ படிக்கும்போது ஒருநாள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். விளக்கின் கழுத்தில் நூல் கட்டிய விலைச்சீட்டு தொங்கிக்கொண்டிருந்தது. பதறிப்போய் அம்மாவிடம் ஓடினேன். அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தவர், கையை நிறுத்தவில்லை.

"தெரியும். ஜன்னல்ல பனி பெய்யுது பாரு. குவைத்துல ஏது பனி?"

"அப்புறம் ஏம்மா ஊரெல்லாம் காட்டுன?"

"அவுக காட்டுறாக, நான் பாக்குறேன். அதையும் இல்லைன்னு சொல்லச் சொல்றியா?"

உண்மையில் அத்தா இருந்தது பத்துப் பேர் படுக்கும் அறையில், அடுக்குக் கட்டிலின் மேல்தட்டில். படுத்தால் முகத்துக்கு நேராக டியூப்லைட். உடம்பு முடியாமல் ஒரேயடியாக ஊர் திரும்பியவர், சொந்த வீட்டில்கூட நாற்காலியின் விளிம்பில்தான் உட்கார்ந்தார், எழுந்தால் அதன் மேலிருந்த துணியைத் தட்டி நேராக்கினார். அவருக்காகத் தாழ்வாக ஒரு விளக்கு வாங்கி வைத்தேன். இரண்டு நாள் எரிந்தது. பிறகு அவரே அதை அணைத்து ஓரமாக வைத்துவிட்டார். அந்த வருஷக் கடைசியில் அவரும் போய்ச் சேர்ந்தார்.

அப்பாசியாவின் அந்தக் கட்டடம் இன்று இல்லை, ஷோரூமும் மூடியாயிற்று. போனைத் திறந்தால் யார் யாரோ டென்மார்க் மாதிரி வீட்டைக் கதகதப்பாக்குவது எப்படி என்று சொல்லித்தருகிறார்கள். மெழுகுவர்த்தி எங்கே, கம்பளி எங்கே என்கிறார்களே தவிர, அதற்குள் உட்கார வேண்டியவர்களை எந்த விசாவில் கொண்டுவருவது என்று ஒருவரும் சொல்வதில்லை. எனக்கு ஷார்ஜாவில் ஒரு கிளினிக்கில் வேலை, என் கணவருக்கு வேறொரு நாட்டில், சோஹார் துறைமுகத்தில். இரண்டு பேர் சம்பளமும் குடும்ப விசாவுக்கு எட்டவில்லை. ஆறு வயது மகள் என் அம்மாவிடம் வளர்கிறாள். ஆறு பெண்கள் இருக்கும் அறையில், அடுக்குக் கட்டிலின் கீழ்த்தட்டு என்னுடையது. அதன் தலைமாட்டில் ஒரு சின்ன மஞ்சள் விளக்கும், பின்னால் தொங்கவிட்ட வெள்ளைப் போர்வையும், ஒரு மெழுகுவர்த்தியும் வைத்திருக்கிறேன். சாயங்காலம் வீடியோ காலில் மகளுக்குத் தெரிவது அந்த ஒரு மூலை மட்டும்தான்.

நேற்று அவள், "அம்மா, ஒன் வீடு சூப்பரா இருக்கு. போனத் திருப்பு, அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு பாக்குறேன்" என்றாள். நான் போனைத் திருப்பவில்லை; விளக்கை இன்னும் கொஞ்சம் அவள் பக்கம் நகர்த்தினேன். அப்போது அவளுக்குப் பின்னாலிருந்து, முகம் தெரியாமல், என் அம்மாவின் குரல் கேட்டது.

"சும்மா இரு புள்ள. காட்டுறதப் பாரு."