சிவப்புப் பட்டியல்

எனக்கு முன்கோபம் அதிகம். வாய் முந்திக்கொள்ளும், புத்தி பின்னால் மூச்சிரைக்க ஓடிவரும். அந்த வருடமும் அப்படித்தான் நடந்தது.

நாமக்கல்லுக்குப் பக்கத்தில் ஓர் அரசுத் தொடக்கப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். பெருந்தொற்றில் பள்ளிகளைப் பூட்டியபோது என் பொறுப்பில் ஒன்றாம் வகுப்பு. பெற்றோரின் செல்போன் எண்களைச் சேர்த்து வாட்ஸப்பில் குழு தொடங்கினேன். காலையில் பாடத்தைப் படமெடுத்து அனுப்புவேன். மாலை ஆறு மணிக்குள் வீட்டுப்பாட நோட்டின் படம் வந்துவிட வேண்டும். வராத பிள்ளைகளின் பெயருக்கு நேராகச் சிவப்பு வட்டம் வைத்து, ஆப்சென்ட் என்று எழுதி, எல்லாப் பெற்றோரும் பார்க்கும்படி குழுவிலேயே பட்டியல் போடுவேன்.

இது யாரும் சொல்லித் தந்ததல்ல, என் சொந்த மூளை. "நாலு பேரு முன்னாடி மானம் போனாத்தான் சொரணை வரும்" என்று மற்ற ஆசிரியைகளிடம் பீற்றிக்கொண்டேன். இரண்டே வாரத்தில் பட்டியலில் ஒரு சிவப்பும் இல்லை. கல்வி அலுவலகத்திலிருந்து பாராட்டினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த வகுப்பில் லாரி டிரைவர் ஒருவரின் மகள் இருந்தாள். அம்மா கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கப் போகிறவர். முதல் நாள் பட்டியலில் அவள் பெயர் சிவப்பில் வந்தது. மறுநாளிலிருந்து ஒரு நாள்கூடத் தவறாமல் படம் வந்தது. எழுத்துகள் பெரிதாக, கோணல்மாணலாக இருக்கும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை அப்படித்தானே எழுதும்? "சபாஷ் கண்ணு" என்று பதில் போட்டு நட்சத்திரமும் வைப்பேன்.

பள்ளி திறந்தபோது அவர்கள் இரண்டாம் வகுப்புக்கு வந்துவிட்டார்கள். எவ்வளவு நினைவிருக்கிறது என்று பார்க்கப் பழைய புத்தகத்தையே கொடுத்து, அணில் பாடத்தைப் படிக்கச் சொன்னேன். அவள் எழுந்து கணீரென்று படித்தாள். ஒரு சொல் தப்பவில்லை. ஒவ்வொரு வரி முடிந்ததும் மட்டும் மெல்ல 'ம்' என்றாள். பிள்ளைகள் சிரித்தார்கள்.

"பாடம் படிக்கிறியா, கதை கேக்கறியா கண்ணு? எதுக்கு ம் கொட்டற?" என்று நானும் கிண்டல் செய்தேன். தட்டிக்கொடுக்கலாம் என்று பக்கத்தில் போனபோதுதான் பார்த்தேன். அவள் கையில் விரிந்திருந்தது மழைப் பாடம்.

'அ' எங்கே இருக்கிறது, காட்டு என்றேன். விரல் பக்கம் முழுக்க அலைந்தது. எங்கும் நிற்கவில்லை.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. என்னை ஏமாற்றியிருக்கிறார்கள் என்று மட்டும்தான் அப்போது தோன்றியது. "அப்ப போன்ல அனுப்புனதெல்லாம் ஆரு எழுதுனது?" என்று வகுப்பே அதிரக் கத்தினேன். அவள் அழுதாள். இடைவேளையில் அவள் அப்பாவைப் போனில் கூப்பிட்டு, அவர் வாயைத் திறக்கும் முன்பே கொட்டித் தீர்த்தேன்.

நான் மூச்சுவிட நிறுத்தியபோது அவர் சொன்னார். "ஆமாங்க டீச்சர். நான்தானுங்க எழுதுனேன்."

பின்னால் லாரிகளின் ஹாரன் சத்தம் கேட்டது. மகாராஷ்டிராவில் எங்கோ லோடு இறக்கக் காத்திருந்தாராம்.

"படம் அனுப்பற போன் ஒண்ணுதானுங்க இருக்குது. லோடு சேதியெல்லாம் அதுலதான் வருது, அது எங்கூடவே வண்டியில வந்துருமுங்க. ஊட்டுல பட்டன் போன்தான். பாப்பாவோட அம்மாளுக்கு எழுத்தும் தெரியாதுங்க. மொத நாளே பாப்பா பேரு செவப்புல வந்துருச்சு. சொந்தக்காரங்க பூராவும் அந்தக் குரூப்புல இருக்கறாங்களே! அதான் ஒரு நோட்டு வாங்கி வண்டியிலயே வெச்சுக்கிட்டனுங்க."

அவரே தொடர்ந்தார்.

"ஆனா பாடத்த உடலீங்க. சாயங்காலம் வண்டிய ஓரங்கட்டிட்டுப் பட்டன் போனுக்குக் கூப்புட்டுப் படிச்சுச் சொல்லுவேன். வரிக்கு வரி ம் போடும், அப்பறம் முழுசாத் திருப்பிச் சொல்லும். காதுல கேட்டாப் போதும்னு நெனச்சுட்டேன். எழுத்தக் கண்ணுல பாக்கோணும்னு எனக்குத் தோணாமப் போச்சுங்க. பாப்பாவ ஆப்சென்ட் மட்டும் போட்றாதீங்க டீச்சர். ஒரு நாளு கூட அது பாடம் கேக்காம இருந்ததில்லீங்க."

"சரிங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

பிறகு அந்தக் குழுவில் பழைய படங்களைத் தேடிப் பார்த்தேன். நோட்டுக்குக் கீழே கறுப்பாக ஒரு வளைவு. அடுத்த படத்திலும் அதே வளைவு. ஸ்டியரிங். ஏறக்குறைய எல்லாப் படத்திலும் அது இருந்தது. ஆறு மணிக்குள் வந்ததா என்று பார்த்தேனே ஒழிய, என்ன வந்தது என்று நான் பார்க்கவே இல்லை. வெட்கமாக இருந்தது. அவரைத் திட்டியதைவிட, நட்சத்திரம் வைத்ததுதான் அதிகமாக வலித்தது.

மறுநாளிலிருந்து மதியச் சாப்பாடு முடிந்ததும் அவளை என் பக்கத்தில் உட்காரவைத்து எழுத்துகளைத் தொடங்கினேன். பாதி நாள் ஏதாவது கூட்டம், ஏதாவது பதிவேற்றம் என்று இழுத்துவிடும். ஒரு மாதத்தில் பாதி எழுத்துகள்கூட முடியவில்லை.

அப்போது படிக்கத் தெரியாத பிள்ளைகளுக்குத் தனி வகுப்பு வைப்பதாகச் செய்தி வந்தது. கல்வித் துறையின் செயலியில் பெயரைப் பதிந்தால்தான் இடம். அவள் பெயரைத் தேர்ந்தெடுத்து, 'எழுத்து அறியாதவர்' என்று பதிந்தேன். உடனே காரணம் கேட்டது. கற்றல் குறைபாடு, பெற்றோரின் அக்கறையின்மை, வருகையின்மை. மூன்றே மூன்றுதான். ஒன்றைத் தொடாமல் அடுத்த பக்கம் திறக்காது. ஆசிரியரின் தவறு என்று நான்காவதாக ஒன்று இல்லை.

முதலாவதைத் தொட்டால் மூளை சரியில்லாத பிள்ளை என்று முத்திரை குத்திவிடுவார்கள். இரண்டாவதைத் தொட என் விரல் கூசியது. எதையும் தொடாமல் விட்டால் அவளுக்கு வகுப்பு இல்லை. மூன்றாவதை, அந்த ஆப்சென்ட்டைத்தான் தொட்டேன். திரையில் அவள் பெயருக்கு நேராகச் சிவப்பாக ஒரு வட்டம் வந்து நின்றது.

அவள் சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு, ஈரக் கையோடு வந்து என் செல்போனை எட்டிப் பார்த்தாள். தன் பெயரின் மேல் விரல் வைத்து, எழுத்தெழுத்தாகக் கூட்டி, தானாகவே படித்தாள். அவள் கண்ணால் பார்த்துப் படித்த முதல் சொல் அதுதான். பிறகு விரல் பக்கத்தில் நகர்ந்தது.

"இது என்னங்க டீச்சர்?"

"அது எனக்குப் போட்டது கண்ணு" என்றேன்.

"ம்" என்றாள்.