கடைசியில் வந்த கிண்ணம்

ஜெர்மனியில் ஒரு பேராசிரியை, கானாவில் ஒரு பாதிரியார், செங்கல்பட்டில் நான். கிராமத்துக் கிறிஸ்தவ சபைகளில், அப்பமும் திராட்சை ரசமும் பகிரும் திருவிருந்து அந்தக் காலத்தில் எப்படி நடந்தது என்று மூன்று பேரும் சேர்ந்து ஒரு புத்தகம் எழுதிக்கொண்டிருந்தோம். வாரம் ஒருமுறை வீடியோ காலில் கூடுவோம். பாதிரியார் பேசினால் பின்னால் அவர் வீட்டுக் கோழிகளும் பேசும்.

போன தை மாதம் பேராசிரியை நேரில் வந்தார். பேட்டிக்கு என் அக்காவிடம் அழைத்துப்போனேன். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவள். மறைமலைநகர் கம்பெனி கேன்டீனில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள். காலனி வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, கேட்டதற்கெல்லாம் நிதானமாகப் பதில் சொன்னாள்.

“கிண்ணம் மொதல்ல ஊர்க்காரங்களுக்குத்தான். அவங்க குடிச்சி முடிச்சாதான் காலனிக்கு. சில வாட்டி எங்க கிட்ட வர்றதுக்குள்ள ரசம் தீந்துடும். அப்பத்த மட்டும் வாய்ல போட்டுகினு திரும்பிடுவோம்.”

பேராசிரியைக்கு நான் ஆங்கிலத்தில் சொன்னது வேறு: தெருத் தெருவாகப் போவார்கள், எங்கள் தெரு கடைசி. அவ்வளவுதான். ரசம் தீர்ந்த கதையை விழுங்கிவிட்டேன். வெளிநாட்டுக்காரர் எங்கள் வாசலில் உட்கார்ந்து எங்களைப் பார்த்துப் பரிதாபப்படக் கூடாது என்ற வீம்பு.

இரண்டு மாதம் கழித்து, அச்சுக்குப் போகும் முன் கடைசியாகப் பார்க்கச் சொல்லி அத்தியாயம் வந்தது. அக்கா சொன்னதாக என் வாக்கியத்தைப் போட்டு, அந்தச் சபையின் அழகான ஒழுங்கைப் பற்றிப் பேராசிரியை ஒரு பக்கம் எழுதியிருந்தார். எங்கள் சபைகளும் இதைக் கற்றுக்கொள்ளலாம் என்று பாதிரியார் ஓரத்தில் குறித்திருந்தார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஒழுங்காம், ஒழுங்கு. ஆனால் யாரைத் திட்டுவது? அவர்கள் கையில் இருந்தது என் ஆங்கிலம் மட்டும்தானே.

அக்காவுக்குப் போன் செய்து, அந்தப் பக்கத்தைத் தமிழில் படித்துக்காட்டினேன்.

“நான் இப்டியாடா சொன்னேன்?”

“இல்லக்கா. நான்தான் மாத்திட்டேன்.”

“இன்னாத்துக்கு?”

“வெக்கமா இருந்துச்சி.”

“அங்க நின்னது நானு. உனக்கு இன்னாடா வெக்கம்?”

அன்றைக்கே இருவருக்கும் எழுதினேன். அக்காவின் சொற்களை அப்படியே மொழிபெயர்த்து அனுப்பி, தவறு என்னுடையது என்றும் சேர்த்தேன். பேராசிரியை கோபித்துக்கொள்ளவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தார்: அப்போது அந்த அம்மாளுக்கு என்ன வயது?

மறுபடியும் அக்காவைக் கூப்பிட்டேன்.

“திடப்படுத்தல் முடிஞ்சி திருவிருந்து எடுக்க ஆரம்பிச்ச புதுசு, பதினாறு இருக்கும்,” என்றாள். “நீ என் இடுப்புல இருந்த. கிண்ணத்தப் பாத்து கைய நீட்டிகினே இருப்ப. அதையும் எழுது.”