வகுபடாத எண்ணும் ஓர் உபரி வரியும்

நில அளவைக் கணக்கர் வேலையில் விடை சரியாக இருந்தால் யாரும் பெயரைக் கேட்பதில்லை. தவறினால் தகப்பன் பெயர்வரை விசாரிப்பார்கள். எண்களோடு பிழைப்பு நடத்திய அன்பர்கள் இதை அறிவார்கள்.

ஒரு நாற்காலி, இருவர்

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த ஆண்டில், மலாக்காவில் எங்கள் அலுவலகத்திலிருந்த வெள்ளைக்காரக் கணிப்பாளர் ஊர் திரும்பினார். அவருடைய நிரந்தரப் பதவிக்குத் தற்காலிகக் கணக்கர்களான நானும் சுப்பையாவும் போட்டியிட்டோம். தோற்பவருக்கு மாதக் கடைசியோடு வேலை இல்லை.

யாழ்ப்பாணத்தவரான தலைமைக் கணக்கர் குமாரசாமி ஒரு தாளில் 65,537 என்று எழுதினார். வெள்ளிக்கிழமைக்குள் அதன் வகுத்திகளைக் கண்டுபிடித்து, செய்முறையோடு தர வேண்டும். "வகுத்தியே இல்லாவிட்டால்?" எனக் கேட்டேன். பெண்களைப் பிள்ளை என்றே அழைக்கும் அவர் சொன்னார்: "இல்லையெண்டால் இல்லையெண்டு நிறுவிக் காட்டும், பிள்ளை."

பலகார யோசனை

நான் குடியிருந்த காஜா பேராங் பகுதியில் என் அயல்வீட்டுக்காரி, தமிழ் மறந்துபோன மலாக்கா செட்டிகளின் கம்போங் செட்டிப் பெண், குவே என்னும் மலாய்ப் பலகாரம் செய்து விற்பவள், பேச்சு மலாயில்தான். பகா எண் என்பது, ஒற்றை வரிசையாக நீட்டினாலொழிய, எப்படியும் சம வரிசைகளாக அடுக்க முடியாத பலகாரக் குவியல் என்று விளக்கினேன். 65,537 அப்படிப்பட்டதோ என்ற என் ஐயத்தையும் சொன்னேன்.

அவள் யோசிக்கவில்லை; ஒன்றைத் தின்றுவிடச் சொன்னாள். ஒன்று குறைந்தால் மிச்சம் 256 வரிசைகளில் 256 வீதம் பிசகாமல் அமரும் என்பது எனக்குப் பிறகே உறைத்தது. அவள் சொன்னது இவ்வளவுதான்: "மாக்கான் சாத்துலா, அடேக்!"

உரக்கச் சொல்லும் வழக்கம்

256-க்கு மேல் ஒரு வகுத்தி இருக்குமானால், அதன் இணை 256-க்குக் கீழே இருந்தாக வேண்டும். ஆகவே அதற்குட்பட்ட பகா எண்களால் மட்டும் வகுத்துப் பார்த்தால் போதும். கைப்பிடி சுழற்றும் கணக்கு மிசினில் ஒவ்வொன்றாக வகுத்தேன்.

எங்கள் அறையில் ஒருவர் வகுத்தியையும் மீதியையும் உரக்கச் சொல்ல, மற்றவர் சரிபார்ப்பது வழக்கம். அந்தப் பழக்கத்தில் தனியாகச் செய்தபோதும் உரக்கவே சொன்னேன். கடைசி எண்ணான 251-ஐ முடித்துத் திரும்பினால், அடுத்த மேசையில் சுப்பையாவின் மிசின் சுழலவில்லை. பேனா மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. காரணம் கேட்டேன். "என் மிசின் ரொசாக், ஓடமாட்டேங்குது. நீங்க சொல்லுங்க அக்கா, நான் செக் பண்ணிக்கிறேன்."

ஐம்பத்தைந்தாவது வரி

இரு தாள்களிலும் ஒரே முடிவு: 65,537 பகா எண். குமாரசாமி வரிகளை எண்ணினார். 256-க்குள் இருக்கும் பகா எண்கள் ஐம்பத்து நான்கு. இரு தாள்களிலும் ஐம்பத்தைந்து வரிகள். உபரியை அடித்துத் தருமாறு இருவரிடமும் தாள்களைத் திருப்பிக் கொடுத்தார்.

என் தாளில் 91 நின்றது. ஏழையும் பதின்மூன்றையும் பெருக்கினால் வருவது. அவ்விரண்டாலும் முன்பே வகுத்தாயிற்று. அதைப் பகா எண்ணென்று கொண்டது என் பிழை. இம்முறை வாய் திறவாமல் அடித்துக் கொடுத்தேன். சுப்பையா தாளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கடைசி வரியான 251-ஐ அடித்தார்; அதுவோ அசல் பகா எண். குமாரசாமி நியமனத் தாளில் என் பெயரை எழுதிக்கொண்டே சொன்னார்: "பிள்ளைக்குத் தன்ர பிழை எதெண்டு தெரியுது, உமக்குப் பிழையும் இரவல், தம்பி."

சரியான விடை இருவருக்கும் பொதுவாயிருக்க, நாற்காலியை எனக்கு வாங்கித் தந்தது நான் சொந்தமாகச் செய்த தவறு.