ஜசிந்தா மாமி சேர்த்த வரி

1967ஆம் ஆண்டு, அந்தோனியார் திருநாளுக்கு மறுநாள் காலை, என் அப்பாவின் தங்கை ஜசிந்தா மாமி நெடுந்தீவை விட்டுப் புறப்பட்டார். நோயாளிகளைக் கடல் தாண்டி ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போக அரசாங்கம் கொடுத்த மோட்டார் வள்ளம் புது வர்ணத்தோடு துறையில் நின்றது. அது வந்ததே மாமி எழுதிய பெட்டிசத்தால்தான். ஆனாலும் அவரை வழியனுப்ப ஒருவரும் இல்லை. வரவேண்டாமென்று அவரே சொல்லியிருந்தார்.

மாமி உடுப்புத் தைத்துப் பிழைத்தவர். எழுத்து நன்றாக வருமென்பதால் ஊரின் விண்ணப்பங்களும் அவரிடமே வந்தன. வள்ளம் கேட்டு முதலில் எழுதியவற்றில் குடும்பத் தொகை, கடல் மைல், பணிவு எல்லாம் இருந்தன. "கவனிக்கப்படும்" என்று பதில் வரும். அவ்வளவுதான்.

"அக்கா, உங்கட பெட்டிசத்தைக் கேட்டா எனக்கே நித்திரை வருது. கந்தோரில காத்தாடிக்குக் கீழ இருக்கிற துரைமாருக்கு வராதோ?" என்று கடற்தொழில் செய்யும் சவிரிமுத்து பகிடி பண்ணுவார்.

அடுத்த சோளகக் காற்றில், கடல் கொந்தளிக்கும் காலத்தில், சவிரிமுத்துவின் மகளே காய்ச்சலில் இறந்தாள். அந்தக் கடலில் சிறுவள்ளம் எதுவும் இறங்க முடியவில்லை.

மாமி இம்முறை வேறுவிதமாக எழுதினார். பிள்ளையின் தாய் அந்தோனியம்மாவே பேசுவதுபோல, சின்னச் சின்ன வசனங்கள். "வள்ளம் இல்லை" என்பது பந்திக்குப் பந்தி திரும்ப வந்தது. முடிவில், "தண்ணீர் அம்மா, தண்ணீர் என்று கேட்டுக் கேட்டே என் பிள்ளை அடங்கிப்போனாள்" என்றொரு வரி. அந்தோனியம்மா வாசிப்பித்துக் கேட்காமலே பெருவிரலை வைத்தாள்.

பத்திரிகையொன்று அதை அப்படியே போட்டது. பூசை முடிந்து கோயில் முற்றத்தில் யாரோ உரக்க வாசித்தபோதுதான் அந்த வரி அவள் காதில் விழுந்தது. நேரே மாமியிடம் வந்தாள்.

"பிள்ளை கண்ணே திறக்கேல்லை, அக்கா. தண்ணி கேட்டவளெண்டு ஆர் சொன்னது?"

"அப்பிடி எழுதினாத்தான் அவங்களுக்கு உறைக்கும், அந்தோனியம்மா."

"அவங்களுக்கு உறைக்கட்டும். சனம் என்னையெல்லோ கேக்குது, ஏன் தண்ணி குடுக்கேல்லையெண்டு!"

மாமி பத்திரிகைக்குத் திருத்தம் எழுதப் போனார். கோயில் சபையார் விடவில்லை. "பொய்யெண்டு தெரிஞ்சா வள்ளம் வராது. மற்றப் பிள்ளையளை யோசியும்" என்றார்கள். மாமி எடுத்த தாளை மடித்துத் தையல் பெட்டிக்குள் வைத்தார். வள்ளம் வந்தது, உயிர்களையும் காப்பாற்றியது. அந்தோனியம்மா பூசைக்கு வருவதை நிறுத்தினாள். மாமி போய்க் கூப்பிட்டாலும் வாசற்படலை திறக்கவில்லை.

ஊர் ஊராக அலைந்துவிட்டு 1981இல் நான் மாமியைப் பார்க்கப் போனபோது, அவர் மன்னாரில் தையல் பழக்கிக்கொண்டிருந்தார். எழுதுவதை அடியோடு விட்டிருந்தார்.

"ஏன் மாமி அப்பிடியொரு பொய்?" என்று கேட்டேன்.

"எழுதேக்க எனக்கு அது பொய்யாத் தெரியேல்லை, பிள்ளை. அழுதழுதுதான் எழுதினனான்."

அந்த மாரியில் சவிரிமுத்து தேடி வந்தார். கதிரையில் இருக்கவில்லை; மனைவி சொல்லிவிட்டதை நின்றபடியே சொன்னார்.

"பிள்ளை தண்ணி கேட்டது இப்ப அவளுக்கே காதில கேக்குதாம், அக்கா. பிள்ளை தண்ணி கேக்கவேயில்லையெண்டு உங்களை ஒருக்கா எழுதித் தரச் சொன்னவள். நீங்கள் எழுதினா நம்புவாளாம்."