மொஸ்கோ வென்ற வியாழக்கிழமை

தொலைக்காட்சியில் உதைபந்தாட்டம் ஓடுகிற நாட்களில் நான் சமையலறையை விட்டு வெளியே வருவதில்லை. பிள்ளைகள் அதை அம்மாவின் கிறுக்கு என்கிறார்கள். ரொறன்ரோவில் வளர்ந்த என் வயதுப் பெண்களில் ரஷ்ய உதைபந்தாட்டத்தை என்னளவு படித்தவள் யாரும் இருக்கமாட்டாள் என்பது அவர்களுக்குத் தெரியாது. ஒரே ஒரு சீசன்தான் படித்தேன். ஆயுளுக்கு அதுவே போதும்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. ரொறன்ரோவின் பார்க்டேல் பகுதியில் ஒரு பழைய கட்டடத்தின் ஐந்தாம் மாடியில் இருந்தோம். எனக்குப் பத்து வயது. அப்பா ஒரு உணவகத்தில் கோப்பை கழுவினார். அம்மாவின் ஒரே தம்பி, என் மாமா, எங்களிடம் வருவதற்காக ஊரை விட்டுப் புறப்பட்டு, மொஸ்கோவில் பொடியன்கள் நிறைந்த ஓர் அறைக்குள் அடைபட்டிருந்தார். எல்லை கடந்து ஐரோப்பாவுக்குள் நுழைந்துவிட்டால் பிறகு கனடாவுக்கு எடுப்பது சுலபம் என்றார்கள். எல்லை கடத்துகிற வேலையைச் செய்த ஏஜென்சிக்காரர், ரஷ்யாவுக்குப் படிக்கப் போய்ப் படிப்பை விட்டுவிட்டு இந்தத் தொழிலில் இறங்கியவர். நாங்கள் அவரை மொஸ்கோ அண்ணை என்போம். அவர் முகத்தை நாங்கள் கண்டதில்லை. ஞாயிறு காலைகளில் வருகிற ஒரு குரல்தான் அவர்.

டெலிபோனை யாரோ ஒட்டுக்கேட்கிறார்கள் என்ற பயம் அந்தக் காலத்தில் எல்லோருக்கும் இருந்தது. மற்ற ஏஜென்சிக்காரர்கள் கலியாணம், சாமான் என்று மறைத்துக் கதைப்பார்கள். மொஸ்கோ அண்ணை உதைபந்தாட்டப் பைத்தியம். ஆகவே எங்கள் வீட்டுக்கு வந்த பாஷை அதுவாயிற்று. ஹோம் மட்ச் என்றால் மாமா இன்னும் மொஸ்கோ அறையில்தான் இருக்கிறார். ஐரோப்பா மட்ச் என்றால் எல்லைக்குப் புறப்பட்டுவிட்டார். வென்றால் கடந்துவிட்டார். தோற்றால் பிடிபட்டுவிட்டார். டிரோ என்றால் கடக்கவும் முடியாமல், பிடிபடவும் செய்யாமல் அறைக்கே திரும்பி வந்துவிட்டார்.

இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. சின்னப்பிள்ளையின் வாயில் எதுவும் நிற்காது என்று விட்டுவிட்டார்கள். நான் எந்த வகுப்பில் படிக்கிறேன் என்றுகூட நிச்சயமாகத் தெரியாத அப்பா, ஞாயிறு காலையில் டெலிபோனைக் காதோடு அமுக்கிக்கொண்டு "அப்ப அடுத்த ஐரோப்பா மட்ச் எப்ப?" என்று கேட்பார். அப்பாவுக்கு இப்படியொரு ஆசை இருக்கிறதே என்று எனக்குப் பெருமையாக இருந்தது. நானும் அதைப் படித்துவிட்டால் அப்பா என்னோடும் கதைப்பார் என்று நினைத்தேன். அந்த வயதில் எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

ஒருமுறை மாமாவே கதைத்தார். அம்மா அழுது முடிந்தபின் என் கையில் டெலிபோனைத் தந்தார்.

"மாமா, நீங்கள் மட்ச் பாக்கப் போறனீங்களோ?" என்று கேட்டேன்.

மாமா சிரித்தார். "பாக்கிறதோ? நானெல்லே பிள்ளை விளையாடுறன்."

மறுநாள் பள்ளிக்கூடம் முழுவதும் செய்தி பரவிவிட்டது. என் மாமா மொஸ்கோவுக்கு விளையாடுகிறார். வகுப்பில் இருந்த போர்த்துக்கேயப் பொடியன் நம்பவில்லை. பெயரைக் காட்டு என்றான். பள்ளி நூலகத்தில் நாள்தோறும் பேப்பர் போடுவார்கள். விளையாட்டுப் பக்கத்தின் கடைசி மூலையில், எறும்பு ஊர்ந்ததுபோன்ற எழுத்தில், வெளிநாட்டு முடிவுகள் இருக்கும். அங்கே வேறொரு சிக்கல் வந்தது. மொஸ்கோவில் அணி ஒன்றல்ல, பல. ஐரோப்பாவில் ஆடுவதுதான் மாமாவின் அணி என்று நானே தீர்மானித்துக்கொண்டேன். சிவப்பும் வெள்ளையும் உடுத்த அணி. அந்த ஆண்டு உள்ளூர்க் கிண்ணத்தைத் தெற்கே ஒரு நகரம் தூக்கிக்கொண்டு போனது. ஐரோப்பாவில் மட்டும் மாமாவின் ஆட்கள் போன இடமெல்லாம் வென்றார்கள். வீரர்களின் பெயர்களை அந்த மூலையில் போடுவதில்லை. போர்த்துக்கேயப் பொடியனின் வாயை அடைக்க எனக்கு அது வசதியாகப் போயிற்று.

இலையுதிர்காலத்தில் ஒரு ஞாயிறு, "புதன்கிழமை ஐரோப்பா மட்ச்" என்று மொஸ்கோ அண்ணை சொன்னார். அம்மா அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருகிற அந்தோனியாருக்கு முன்னால் மெழுகுதிரி அணையாமல் எரிந்தது. ஐரோப்பாவின் பெரிய போட்டிகளும் புதன்கிழமைகளில்தான் நடக்கும். அது அம்மாவுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

வியாழக்கிழமை பேப்பரில் மொஸ்கோ வென்றிருந்தது. வீட்டுக்கு ஓடி வந்தேன். அம்மா இல்லை. கட்டடத்தின் அடியில் இருக்கிற லோன்றி அறையில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருப்பார் என்று இறங்கி ஓடினேன்.

"அம்மா, மொஸ்கோ ஐரோப்பாவில வெண்டிட்டுது."

கையிலிருந்த ஈரச் சட்டையை அம்மா கீழே போட்டார். "திருப்பிச் சொல்லு."

"வெண்டிட்டினம் அம்மா."

மேலே டெலிபோன் வந்து நான் எடுத்துக் கதைத்துவிட்டு ஓடி வந்திருக்கிறேன் என்று அம்மா நினைத்துவிட்டார். என்னைக் கட்டிப்பிடித்து, சவர்க்கார வாசனையோடு நெற்றியில் கொஞ்சினார். உடுப்புகளைப் பாதியில் விட்டுவிட்டு மேலே போய் ரவைக் கேசரி கிண்டினார். கஜு போட்டார். எங்கள் வீட்டில் முந்திரிப் பருப்பு கிறிஸ்து பிறப்பான நத்தாருக்கு மட்டும்தான். ஒரு தட்டு மூன்றாம் மாடி அன்ரிக்குப் போயிற்று. கொண்டுபோனவள் நான். "உன்ர வாய்க்குச் சர்க்கரை போடவேணும் பிள்ளை" என்று அன்ரி என் கன்னத்தைக் கிள்ளினார். மாமாவின் வெற்றிக்கு வீடு இப்படிக் கொண்டாடுவது எனக்கு நியாயமாகவே பட்டது.

அப்பா வேலையால் வந்தார். சப்பாத்தைக் கழற்றாமல் கேசரியைப் பார்த்தார்.

"என்ன விசேசம்?"

"தம்பி கடந்திட்டான். பிள்ளைதான் போன் எடுத்தவள்."

அப்பா என்னைப் பார்த்தார். "ஆர் எடுத்தது?"

"போன் ஒண்டும் வரேல்லை அப்பா. பேப்பரில கிடந்தது" என்றேன். மட்ச் பற்றி அப்பாவோடு கதைக்க வந்த முதல் சந்தர்ப்பம் என்று, எத்தனை கோல் போட்டார்கள் என்பது வரை சொல்ல ஆயத்தமாக இருந்தேன்.

சர்க்கரை போடவேண்டிய வாயில் அம்மாவின் கை விழுந்தது. அதற்கு முன் அம்மா என்னை அடித்ததில்லை. மூன்றாம் மாடிக்குப் போய் விசயத்தைத் திருத்திச் சொல்லிவிட்டு வந்தவர் அப்பா. ஞாயிற்றுக்கிழமை மொஸ்கோ அண்ணை டிரோ என்றார். பேப்பரைவிட அந்த ஆளுக்கு எப்படி அதிகம் தெரியும் என்று நான் உள்ளுக்குள் கறுவிக்கொண்டேன்.

டிசம்பர் தொடக்கத்தில் மறுபடியும் ஐரோப்பா மட்ச் என்றார்கள். அடுத்த ஞாயிறு டெலிபோன் வந்தது. அப்பா நின்றுகொண்டு எடுத்தார். "ஓம்" என்றார். பிறகு இன்னொரு "ஓம்". டெலிபோனை வைத்துவிட்டுக் கதிரையில் இருந்தார்.

"என்னவாம்? வெற்றியோ தோல்வியோ?" என்றார் அம்மா.

"சீசன் முடிஞ்சுதாம்."

"அதென்ன கதை? அப்பிடி ஒண்டும் பேசி வைக்கேல்லையே?"

அப்பா என் பக்கம் திரும்பினார். "ரஷ்யாவில ஸ்னோவுக்க மட்ச் இல்லைத்தானே பிள்ளை?"

எத்தனை மாதம் காத்திருந்த கேள்வி அது. நான் கொட்டித் தீர்த்தேன். ஓம் அப்பா, அங்கே பனி கொட்டினால் சீசன் முடிந்துவிடும், ஆட்கள் வெயில் நாடுகளுக்குப் போய்ப் பயிற்சி எடுப்பார்கள், மார்ச்சில் எல்லாம் திரும்பத் தொடங்கும் என்றேன். அம்மாவும் என் பக்கம் திரும்பினார்.

"மார்ச்சில திரும்பத் தொடங்குமோ?"

"ஓம் அம்மா, கட்டாயம் தொடங்கும்."

அம்மாவின் முகம் தெளிந்தது. அந்தக் குளிர்காலம் அம்மா ஓரளவு சாப்பிட்டார். நத்தார் மலிவு விற்பனையில் மாமாவுக்கு ஒரு குளிர் ஜக்கெற் வாங்கி, விலைத் துண்டோடு அலுமாரியில் தூக்கினார். மார்ச் பிறந்ததும் "தொடங்கீற்றோ?" என்று என்னிடம் கேட்டார். நான் தொடங்கிவிட்டது என்றேன். அம்மா டெலிபோனுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டார். டெலிபோன் அடிக்கவில்லை. மாமாவின் அணி குளிர்காலத்தில் நல்ல ஆட்களை எல்லாம் விற்றுவிட்டு, மிஞ்சியவர்களோடு ஐரோப்பாவுக்குப் போய்த் தோற்றது. பேப்பரில் அதைப் பார்த்துவிட்டு நான் வாயைத் திறக்கவில்லை. ஒருமுறை பட்ட அடி போதுமாக இருந்தது.

மாமா டிசம்பரிலேயே செத்துவிட்டார். எல்லைக் காட்டில், பனிக்குள், நடக்க முடியாமல் விழுந்தவரை விட்டுவிட்டு மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். வெற்றிக்கும் தோல்விக்கும் சொல் பேசி வைத்த பெரியவர்கள் சாவுக்கு ஒரு சொல்லைப் பேசி வைக்கவில்லை. அதனால் மொஸ்கோ அண்ணை தன் கெட்டித்தனத்தில் தானே ஒன்றைக் கண்டுபிடித்தார். அப்பாவுக்கு அது உடனே விளங்கிவிட்டது. அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொல்லத் துணிவில்லாமல், என்னைக் கொண்டு அதற்கு வேறு அர்த்தம் சொல்ல வைத்தார். என் வாழ்நாளில் அப்பா என்னிடம் உதைபந்தாட்டம் பற்றிக் கேட்டது அந்த ஒரு முறைதான். அம்மாவுக்காகச் செய்தேன் என்று பிற்காலத்தில் சொன்னார். இருக்கலாம். அந்த ஜக்கெற்றை அவர்தான் பல வருடம் வேலைக்குப் போட்டுக்கொண்டு போனார். இன்றைக்கும் எனக்கு அவர்மேல் கோபம் ஆறவில்லை.

தவக்காலத்தில் ஒரு சனிக்கிழமை, அப்பா எங்கள் தேவாலயத்துச் சுவாமியாரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அம்மாதான் கதவைத் திறந்தார். கூப்பிடாமல் சுவாமியார் வாசலில் வந்து நின்றால் அது சாவுச் செய்தி என்பதை எங்கள் ஆட்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அம்மா அவரை உள்ளே வரச் சொல்லவில்லை. அப்பாவையும் பார்க்கவில்லை. திரும்பி, சோபாவில் இருந்த என்னைப் பார்த்தார்.

"மார்ச்சில தொடங்கும் எண்டு நீதானே சொன்னனி" என்றார்.

அம்மாவுக்கு எப்படியோ மட்ச் முடிவு தெரிந்துவிட்டது, அதைச் சொல்லித் தருவதற்குத்தான் சுவாமியாரே வந்திருக்கிறார் என்று நினைத்தேன். எழுந்து நின்றேன்.

"தொடங்கினதுதான் அம்மா. ஐரோப்பாவில தோத்திட்டினம். நான்தான் உங்களுக்குச் சொல்லேல்லை."

சொல்லிவிட்டு இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு, அடிக்காகக் காத்து நின்றேன். அம்மா ஏன் அடிக்கவில்லை என்று எனக்கு விளங்கவில்லை.