முனியாண்டியின் சுருட்டு அணையும்வரை

மலாயாவை ஜப்பான்காரன் பிடித்து ஆண்ட காலம். புதிதாகக் கல்யாணமான நானும் என் கணவரும் சிடாம் கிரி பக்கம் ரப்பர் தோட்டத்திலிருந்த என் அக்கா வீட்டு விருந்துக்குப் போக, பீடோங்கில் வாடகைக் கார் பிடித்தோம். பெட்ரோல் கிடைக்காததால் கரிப்புகையில் ஓடிய கார்.

தோட்டத்து முகப்பில் முனியாண்டி கோயில். டிரைவர் காரை நிறுத்தி, சாமி முன்னால் ஒரு சுருட்டைக் கொளுத்தி வைத்தார்.

"வெச்சாச்சுல்ல, சீக்கிரம் போலாம்ணே" என்று எரிந்து விழுந்தேன்.

"முனி குடிச்சு முடிக்கட்டும்லா தங்கச்சி. பாதியில கெளம்பக் கூடாது."

காற்றே இல்லை. ஆனாலும் யாரோ இழுப்பதுபோல் சுருட்டின் நெருப்பு பளிச்சிட்டு மங்கியது, மறுபடியும் பளிச்சிட்டது. என் கணவர் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். அது அணைந்த பிறகுதான் கிளம்பினோம்.

தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில் எல்லாக் கதவுகளும் திறந்து கிடந்தன. அடுப்புகளில் மரவள்ளிக்கிழங்கு கொதித்துக்கொண்டிருந்தது. ஆள் அரவமே இல்லை. ரப்பர் மரங்களுக்குப் பின்னாலிருந்து அக்கா ஓடிவந்தாள்.

"இப்பத்தான்டி ஜப்பான்காரன் லோரி பின்பக்கமா போச்சு! ஆம்பளைங்கள எல்லாம் சயாம்ல ரயில் பாதை போடுற வேலைக்குப் புடிச்சிட்டுப் போயிட்டானுங்க!"

அக்காவின் கணவர் திரும்பி வரவே இல்லை.

இன்று பிள்ளைகளோடு வெளிநாடு சுற்றப் போய் வாடகைக் கார் எடுத்தாலும், ஓட்டுபவரை நான் அவசரப்படுத்துவதில்லை. சில நேரம், யாரும் புகைக்காத காருக்குள் சுருட்டு வாசம் வரும். நிறுத்தச் சொல்லி, அது அடங்கும்வரை இறங்கி நிற்பேன்.