கீழே ஆள் இருக்கிறார்கள்

எங்கள் குடியாத்தம் பக்கத்தில் எதிர்ப்படுகிறவர்களைச் சாப்பிட்டாயா என்று கேட்போம். இங்கே கோலார் தங்கவயலில், ஊரிகத்தில் சுரங்க ஆட்களுக்காக வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில், காலையில் குழாயடியில் ஒரு பெண் இன்னொரு பெண்ணைக் கேட்பது வேறு: "ஆளு மேலயா, கீழயா?" வீட்டுக்காரர் ஷிப்டு முடிந்து மேலே வந்துவிட்டாரா, இன்னும் சுரங்கத்துக்குள் இருக்கிறாரா என்று அர்த்தம். வந்த புதிதில் என் மனைவி சரோஜாவையும் கேட்டார்கள். "எப்பவும் மேலதான்" என்றாள். "அப்போ இன்னாத்துக்கு இந்த லைன்ல கீறீங்க?" என்றாள் பக்கத்து வீட்டு முனியம்மா.

சரோஜாவின் அண்ணன் ஏழுமலைக்கு நந்திதுர்க் சுரங்கத்தில் மரம் முட்டுக் கொடுக்கிற வேலை. அவர் பெயரில் கிடைத்த வீட்டில்தான் நாங்களும் ஒண்டியிருந்தோம். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்குத் துரைமார் கிளப்பில் நாற்காலி போடுகிற வேலை கிடைத்தது. அங்கே ஒரு பேண்டு இருந்தது. அதில் டபுள் பேஸ் வாசித்தவர் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறிப் போய்விட்டார். டபுள் பேஸ் என்பது ஆளைவிட உயரமான பிடில். தரையில் ஊன்றி, நின்றுகொண்டு வில்லை இழுக்க வேண்டும். பேண்டு மாஸ்டர் என் உயரத்தைப் பார்த்து, "யூ, ஸ்டாண்ட் ஹியர்!" என்று கத்தினார். நான் ஓடிப்போய்த் தொப்பி மாட்டுகிற ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு வந்து அங்கே வைத்தேன். கிளப்பே சிரித்தது. அந்தச் சிரிப்பு பல நாள் ஓயவில்லை. வாத்தியத்துக்குப் பின்னால் என்னை நிறுத்தியபோது எனக்கு இருந்த ஒரே சந்தோஷம், என் முகம் பாதிக்கு மேல் தெரியாது என்பதுதான்.

ஆனால் அது என்னைப் பிடித்துக்கொண்டது. தமிழ் எழுத்தைக் கூட்டிப் படித்ததுபோலவே நோட்டுப் புள்ளிகளையும் கூட்டிப் படித்தேன். ஆஸ்திரேலியா போனவர் விட்டுச்சென்ற பெட்டியில், டபுள் பேஸ் தனியாக வாசிப்பதற்கென்றே எழுதிய உருப்படிகள் இருந்தன. பின்வரிசையில் நின்று மற்றவர்களுக்கு முட்டுக்கொடுக்கிற வாத்தியம், முன்னால் வந்து தானே பேசுகிற சங்கீதம். துரைமார் போனார்கள், பேண்டு கலைந்தது. வாத்தியத்தை வாங்க ஆளில்லாததால் எனக்கே விட்டார்கள். தேவாலயத்தில் தனியாக வாசித்தேன். ராபர்ட்சன்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் நாலைந்து பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். நான் அதிகம் சொன்ன பாடம் ஒன்றுதான்: "வில்லை நடுவில் நிறுத்தாதே, முனை வரைக்கும் போ."

தேவாலயத்தில் கேட்ட பெங்களூர் அம்மாள் ஒருவர், அங்கே தான் நடத்துகிற மேல்நாட்டுக் கச்சேரி ஒன்றில் தனியாக வாசிக்கக் கூப்பிட்டார். அது நன்றாக அமைந்தால் பெங்களூரிலேயே வாசிப்பும் வாத்தியார் வேலையும் உண்டு என்றார். அமையாவிட்டால் நான் மறுபடியும் நாற்காலி போடப் போக வேண்டியதுதான். உருப்படி, மிகத் தடித்த தந்தியில் நீண்ட ஒற்றை ஸ்வரத்தோடு தொடங்கும். பழகுவதற்குக் கிளப் கூடத்தைக் கேட்டேன். புதிய செயலாளர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "நிம் ஊரு யாவுது?" என்றார். உன் ஊர் எது என்று அர்த்தம், ஆனால் எந்த லைன் என்பதைத்தான் அப்படிக் கேட்டிருக்கிறார் என்று பிறகுதான் தெரிந்தது. நான் குடியாத்தம் என்றேன். "ஹாகாத்ரே அல்லே பாரிஸு" என்றார். அப்படியானால் அங்கேயே போய் வாசி. கன்னடம் எனக்கு அரைகுறை. இது மட்டும் முழுசாகப் புரிந்தது.

ஆகவே வீட்டில் வாசித்தேன். தட்டிச் சுவர், தகரக் கூரை. தடித்த தந்தியில் வில்லை வைத்து மெல்ல இழுத்தேன். கூரை அதிர்ந்தது. எங்கள் வீட்டுத் தட்டு, பக்கத்து வீட்டுச் சொம்பு, அதற்கும் அடுத்த வீட்டுக் குடம் என்று வரிசையாக முனகின. எனக்கு அது ஆனந்தமாக இருந்தது. நிறுத்தி நோட்டுத்தாளைத் திருப்பியபோதுதான் வெளியே அலறலும் ஓட்டமும் கேட்டன. சுரங்கத்தின் ஆழத்தில் பாறை அழுத்தம் தாங்காமல் வெடிப்பதை இங்கே ஏர் பிளாஸ்ட் என்பார்கள். மேலே இருப்பவர்களுக்கு அது இப்படித்தான் தெரியும்: தரையிலிருந்து ஒரு முனகல், பாத்திரங்களின் நடுக்கம். என் ஸ்வரத்தை அதுவென்று நினைத்து லைனிலிருந்த பெண்கள் எல்லாரும் சுரங்கத்துக்குள் இறங்குகிற ஷாப்ட் வாசலுக்கு ஓடியிருக்கிறார்கள். ஒன்றுமில்லை என்று அங்கே சொல்லி அனுப்பிய பிறகு, அதே கூட்டம் என் வாசலுக்கு வந்தது.

"யோவ், வெளிய வாய்யா!" முனியம்மாவுக்கு மூச்சிரைத்தது. முழங்காலில் ரத்தம். "எம்புருசன் கீழ கீறான். நீ மேல குந்திகினு பூமிய ஆட்டுறியா?"

"அது வாத்தியம்க்கா" என்றாள் சரோஜா.

"எது வாத்தியம்? பொணப்பொட்டி மாதிரி ஒண்ண நட்டு வச்சிகினு! வாத்தியம்னா கேக்கறவனுக்கு மனசு குளிரணும். இது குலைய நடுங்க வைக்குது."

"ஏம்மா, நின்னுகினுதான வாசிக்கிறாரு, குந்திகினுன்றியே" என்று பின்னாலிருந்து ஒருத்தி சொல்ல, சிரிப்பும் வசவும் கலந்து எழுந்தன. யாரோ வாத்தியத்தின் மேல் சாணியை வீசினார்கள்.

வேலையிலிருந்து திரும்பிய ஏழுமலை கூட்டத்தைப் பார்த்துவிட்டு என்னை உள்ளே இழுத்தார். "இன்னா மாப்ள இது? வீட்ட காலி பண்ணச் சொன்னா நான் எங்க போவேன்? அந்தத் தடி நரம்ப கழட்டிக் குடுத்துடு." கழற்றினேன். முனியம்மா அதைச் சுருட்டித் தன் வீட்டு ஆணியில் மாட்டினாள். லைனைவிட்டு வெளியே வாசிக்கப் போகும்போது கேட்டு வாங்கிக்கொள்ளலாம், திரும்பியதும் கொடுத்துவிட வேண்டும் என்று முடிவானது. நான் பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்டதாக நினைக்க வேண்டாம். அந்தப் பெண்ணை வெறுத்தேன். அந்த லைனையே வெறுத்தேன்.

முனியம்மாவிடம் தந்தியைக் கேட்டு வாங்கிக்கொண்டு, செயலாளர் சொன்னபடியே ஊருக்குப் போனேன். வாத்தியத்தோடு வாசலில் நின்ற என்னைப் பார்த்து என் அண்ணன், "இன்னாடா, பொட்டிய தூக்கினு பங்கு கேக்க வந்துட்டியா?" என்றார். அண்ணி சோறு மட்டும் போட்டாள். மாட்டுக் கொட்டகையில் தடித்த தந்தியை மாட்டி வாசித்தேன். சத்தம் கேட்டு அண்ணி வெளியே ஓடி, வானத்தைப் பார்த்துக்கொண்டே காயவைத்த வேர்க்கடலையை வாரினாள். இடி என்று நினைத்துவிட்டாள். அங்கே என்னைத் தடுக்க ஒருவரும் இல்லை. ஆனால் வில் பாதி தூரம் போனதும் என் கை தானாக நின்றது. மறுபடி இழுத்தேன், மறுபடி நின்றது. காது தரையிலிருந்து வேறொரு சத்தத்தை எதிர்பார்த்தது. பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் எனக்கே வரவில்லை. இடியென்று நினைக்கிற ஊரில் பிறந்தவனுக்கு இந்தப் பயம் எப்போது வந்தது?

பெங்களூர்க் கூடம் ஒரு மாடியில் இருந்தது. ஒத்திகையில் கை அதே இடத்தில் நின்றது. அந்த அம்மாள் தனக்குத் தெரிந்த தமிழில், "ஏன் நடுவிலே நிறுத்துறீங்க?" என்று கேட்டார்.

"கீழே ஆள் இருக்காங்கம்மா."

அவர் சிரித்தார். "ஓ! கீழே வெறும் குடோன். சர்க்கரை மூட்டைதான். யாருமே இல்லை. தைரியமா வாசிங்க."

அன்று மாலை, சர்க்கரை மூட்டைகளை நினைத்துக்கொண்டு வில்லை முனை வரைக்கும் இழுத்தேன். கை நிற்கவில்லை. ஸ்வரம் கூடத்தை நிறைத்தது, முன்வரிசையில் கண்ணை மூடிக் கேட்டார்கள், கைதட்டினார்கள். எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் ஒருவர்கூட எழுந்து ஓடவில்லையே என்று தோன்றியது, அப்படித் தோன்றியதற்காக என் மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது. அவர்களுக்கு அது வெறும் சங்கீதம். அங்கேயே தங்கிவிடச் சொன்னார் அந்த அம்மாள். மாதத்தில் சில நாட்கள் மட்டும் வருகிறேன் என்றேன். ஏன் என்று கேட்டார். வாத்தியத்தை உறைக்குள் போட்டுக் கட்டினேன்.

பெங்களூரிலிருந்து வரும்போது பங்காரப்பேட்டையில் இறங்கி ஊரிகத்துக்கு வேறு ரயில் மாற வேண்டும். நான் வந்த ரயில் நேராகக் குடியாத்தம் பக்கம் போய்விடும். ஒவ்வொரு முறையும் பிளாட்பாரத்தில் வாத்தியத்தைத் தூணில் சாய்த்துத் தடித்த தந்தியின் முறுக்கைத் தளர்த்திக் கழற்றுகிறேன். "இன்னா சாமி, ரிப்பேரா?" என்கிறான் போர்ட்டர். ஆமாம் என்று சொல்லிவிடுகிறேன். வந்த ரயில் எங்கள் ஊர்ப் பக்கம் புறப்படுகிறது. ஊரிகம் ரயில் இன்னும் வந்திருக்காது. மூன்று தந்திகள் வாத்தியத்தில் இருக்க, முனியம்மா வீட்டு ஆணிக்குப் போக வேண்டிய நான்காவதைக் கையில் சுற்றிக்கொண்டு நிற்கிறேன்.